வாரில் மூன்றாவது துளை

நான் செய்தது தப்பு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோல் வேலையை வீட்டில்தான் செய்கிறேன். சமையலறை மேசைமேல் பலகையைப் போட்டு, எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடை மூன்று நான்கு முறை மெல்ல இழுத்து வெட்டுவேன். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் தோல் நழுவும், விரல் போகும். இரண்டு வருடத்தில் பர்ஸ், பெல்ட், பை என்று கை தேறிவிட்டது. வாய் அதற்கு முன்பே தேறியிருந்தது. என்னிடம் வாய் கொடுத்துவிட்டுத் தப்பித்தவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

என் தங்கைக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். அதைத் தொடையோடு சேர்த்துக் கட்டும் தோல் வார் இற்றுப்போனது. "நீயே ஒண்ணு செஞ்சு குடேன்க்கா. உன் கைவேலைதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

மாட்டுத்தோலில் முதுகுப் பக்கம் உறுதியானது. வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். பாரம் தாங்கும் வாரை முதுகுத்தோலில்தான் வெட்ட வேண்டும். இது தெரியாமலா இத்தனை நாள் பிளேடு பிடித்தேன்? ஆனால் முதுகுத்தோல் என்னிடம் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. கைப்பைக் கடைக்காரம்மா என் பை ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பைக்காக அதை ஒளித்து வைத்திருந்தேன். தங்கச்சிதானே, ஒரு மாதம் இதைப் போட்டுக்கொள்ளட்டும், பிறகு மாற்றிக் கொடுக்கலாம் என்று வயிற்றுத்தோலில் வெட்டிவிட்டேன். சாயம் ஏற்றி, விளிம்பை மெழுகு போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று வந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

மூன்றே வாரத்தில் திரும்பி வந்தாள். "லூசா இருக்குக்கா. வார் நீண்டுடுச்சோ?"

அப்போதே ஆமாம் என்றிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நான் செஞ்சது நீளுமா? ஒழுங்கா சாப்பிடு. கால்தான் இளைச்சிருக்கும்" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்துக்கொண்டேதான் துளை போடும் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, வாரில் புதிதாக ஒரு துளை போட்டேன்.

அடுத்த மாதம் இரண்டாவது துளை. இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தெருவையே வாயால் விரட்டுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

மூன்றாவது முறை வந்தபோது, "தினம் ரெண்டு முட்டை சாப்பிடுறேன்க்கா. அப்பவும் கால் கரைஞ்சுக்கிட்டே போகுது" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றேன். என் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்!

"போக பயமா இருக்கு. இனி நடக்கவே முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

துளையைப் போட்டு வாரை நீட்டினேன். அவள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள். பதினோரு வருடம் காத்திருந்த பதவி உயர்வு வந்திருந்தது. புது அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. "வேண்டாம்னு எழுதிட்டேன். தப்பு கிப்பு இருக்கான்னு பார்த்துக் குடு. நாளைக்குக் கொடுத்தாகணும்."

'என் கால் நாளுக்கு நாள் பலவீனமாகி வருவதால்' என்று தொடங்கியது கடிதம். அதற்குமேல் படிக்க முடியவில்லை.

"உன் காலுக்கு ஒண்ணும் இல்லடி" என்றேன். "வார்தான் நீண்டுடுச்சு. நீளுற தோல்னு தெரிஞ்சேதான் வெட்டினேன். நல்ல தோலை என் பைக்கு வெச்சுக்கிட்டேன்."

அவள் மேசையில் கிடந்த டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றினாள். வார் வெட்டும்முன் நான் எடுத்த அளவு நோட்டில் இருந்தது: பதினாலரை அங்குலம். டேப்பும் பதினாலரைதான் காட்டியது. இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள். "ஐயோ, என் காலு!" என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கடிதத்தை நாலாகக் கிழித்தாள். அப்பாடா என்று நானும் சிரித்துவிட்டேன்.

"நாளைக்கே முதுகுத்தோல் வாங்கிட்டு வந்து..."

"வேணாம்க்கா. வேற யார்கிட்டயாவது செஞ்சுக்கிறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு காலிப்பரை மாட்டினாள். "மொத தடவை கோவத்துல சொல்லிட்டே, சரி. அப்புறம் ரெண்டு தடவை வந்தேனே. வார்தான்னு தெரிஞ்சும், என்கூட உட்கார்ந்து நீயும் என் காலைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தே?"

எழுந்து வாசலுக்கு நடந்தாள். எங்கள் வாசல்படி கொஞ்சம் உயரம். இறங்கும்போது எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். பழக்கத்தில் நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.