காற்று நுழையாத வீடு

ஆண்டில் பாதி மழையில் நனையும் ஊரில் வீடு கட்டுகிறவர்கள், சுவரைவிடக் கதவுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். புது வீடு கட்டிக்கொண்டிருந்த மருமகள் அதை அறிந்தவள். ஜன்னல்களுக்கு அலுமினியச் சட்டம், ஓரமெங்கும் ரப்பர் பட்டை, குளியலறைக்கு ஃபைபர் கதவு என்று எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர், மாதிரிக்கு வைத்திருந்த ஜன்னல் ஒன்றை மூடிக் காட்டியபோது, தெருவின் இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது.

"காத்து என்னம்மா, காத்தோட நிழல்கூட உள்ள வராது," என்றார் அவர்.

"அதுதான் வேணும்," என்றாள்.

அவள் மகள் படுக்கப்போகும் அறையின் கதவு ஒன்றுதான் மீதி. அதில்தான் மாமனார் குறுக்கே நின்றார். பழைய வீட்டில் தம் மகள் படுத்த அறையின் கதவையே அங்கே மாட்ட வேண்டும் என்றார்.

அந்தக் கதவின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. வெயில் காலத்தில் இழைத்து, ஊசி நுழைய இடமின்றி மாட்டிய மரக்கதவு அது. மழை பிடித்தால் ஈரத்தைக் குடித்து உப்பி, நிலையோடு இறுகிவிடும். கைப்பிடியை மேலே தூக்கியபடி பலமாக அசைத்தால்தான் திறக்கும். காய்ச்சலில் கிடந்த நாத்தனாருக்கு, அந்த மழைநாளின் பிற்பகலில், தூக்கத் தெம்பு இல்லை. தட்டியிருக்கிறாள். கூடத்தில் இருந்தவர்கள் கேட்டும் இருக்கிறார்கள். ஆனால் ஜன்னல்கள் ஆடிப்போன அந்த வீட்டில், மழை வந்தால் ஏதாவது ஒன்று தட்டிக்கொண்டேதான் இருக்கும். "காத்துதான்," என்று யாரோ சொன்னார்களாம். மாலையில் தள்ளியபோது கதவு பாதிதான் திறந்தது. மீதியை அவள் உடல் தடுத்தது.

"மாமா, அந்தக் கதவு வேண்டாம். அந்த ரூம்ல என் பொண்ணு படுக்கணும்."

"என் பொண்ணு படுத்த ரூம் கதவும்மா அது."

"அதனாலதான் சொல்றேன்."

மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பதை அறிந்த கணவன், செய்தித்தாளை விரித்துக்கொண்டான். மாமனார் மருமகளிடம் திரும்பினார்.

"அவளுக்கு வேற கதவு தெரியாதும்மா. நாம எல்லாரும் கிளம்பிட்டா, அவ எதைத் தட்டுவா?"

மருமகள் இறங்கி வந்தாள், இரண்டு நிபந்தனைகளோடு. கதவின்மேல் உளி பட மாமனார் ஒப்பவில்லை; ஆகவே நிலையை அகலமாகச் செய்து, சுற்றிலும் விரல் நுழையும் சந்து விட வேண்டும். உள்தாழ்ப்பாளும் கூடாது.

"இது கதவா, பல்லு விழுந்த வாயா?" என்று தச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் மாட்டினதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா, பொழப்பு போயிடும்."

"உங்க பேரை இழுக்க மாட்டேன். கதவு திறந்தாப் போதும்."

குடிபுகுந்தபின் வந்த முதல் பெருமழை. தலை வலிக்கிறது என்று பள்ளியிலிருந்து வந்த மகள், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மாமனார் வெளியே போயிருந்தார். வெளியே மரங்கள் பேயாட்டம் ஆடின. ஜன்னல்கள் அனைத்தும் மூடியிருந்த கூடத்திலோ நாட்காட்டியின் தாள்கூட அசையவில்லை.

டொக். டொக். உள்ளங்கையால், வலுவின்றித் தட்டுகிற ஓசை.

கணவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "காத்துதான்," என்றான்.

அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எந்தக் காத்துங்க?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்று அதைச் சொன்ன 'யாரோ' யார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. கேட்க நேரமில்லை; ஓடினாள்.

தொட்டதும் கதவு முழுதாகத் திறந்தது. அதன் பின்னால் ஒருவரும் இல்லை. எதிர்ச்சுவர் ஓரக் கட்டிலில் மகள், அனலாய்க் கொதிக்கும் உடம்போடு, கண்கள் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தாள். எழுந்து வந்து கதவைத் தட்டும் நிலையில் அந்தக் குழந்தை இல்லை.

கணவன் மகளை வாரியெடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பி, அந்தக் கதவைப் பார்த்தான்.

மகள் தேறி வீடு திரும்பிய பின், சமையலறை அலமாரியைச் சரிசெய்ய வந்த தச்சருக்கு அந்தச் சந்து மீண்டும் கண்ணை உறுத்தியது.

"ஜன்னலுக்கு வச்ச ரப்பர் மிச்சம் இருக்கு. அதை வச்சு அடைச்சிடட்டுமா?"

மாமனார் வாயெடுக்குமுன் மருமகள் முந்திக்கொண்டாள்.

"வேண்டாம். தட்டினா கேக்கணும்."