நூறு வரைக்கும்

படகு மணலில் முட்டி நின்றதும் என் கணவர் குதித்து இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் நின்றுகொண்டு கையை நீட்டி, "எறங்கு சாந்தா, ஒண்ணும் ஆவாது" என்றார். நான் படகின் குறுக்குப் பலகையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டபம் துறையில் ஏறியதிலிருந்து ஒன்றரை மணி நேரமாக அப்படியேதான் இருந்தேன், விரல்கள் மரத்துப்போயிருந்தன. படகுக்காரர் ஜேம்ஸ் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். "தாயிக்குத் தண்ணி ஆகாது போலருக்கு, வாத்தியாரய்யா. தூக்கி எறக்குங்க" என்றார். வாத்தியாரய்யா என்னை அரிசி மூட்டையைப்போலத் தூக்கிக் கரையில் வைத்தார். வேற்று ஆள் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட எனக்கு வரவில்லை. வெட்கத்துக்கு இடம் விடாமல் பயம் நிறைந்திருந்தது.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவர், நாராயணப்பன், உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் சீசாவுக்குள் ஒரு தவளையும் அலமாரியில் ஒரு மண்டை ஓடும் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. மண்டபத்தில் மீன் ஆராய்ச்சி ஆபீசில் இருந்த கல்லூரி சிநேகிதர் ஒருவர், பரீட்சை லீவில் வந்தால் நட்சத்திர மீனும் பவளமும் வேண்டிய மட்டும் பொறுக்கிக்கொண்டு போகலாம் என்று கடிதம் போட்டுவிட்டார். என்னிடம் ராமேஸ்வரம் தரிசனம் என்று சொல்லித்தான் ரயில் ஏற்றினார். தீவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். நானே வரவழைத்திருப்பேன்.

எனக்குத் தண்ணீரென்றால் பயம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். உத்தனப்பள்ளியில் எங்கள் கிணற்றில் என் அண்ணன் முனிராஜ் செத்துப்போனபோது எனக்கு எட்டு வயது. அதற்கப்புறம் ஏரிக்கரைப் பக்கம்கூட நான் போனதில்லை. பெண் பார்க்க வந்தபோதே அப்பா இதைச் சொல்லிவிட்டார். இவரும் பெரிய மனசோடு தலையாட்டினார். ஆனால் அழகான தண்ணீராகப் பார்த்துக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று மனசுக்குள் ஒரு பாடத்திட்டம் போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. வாத்தியார்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பாடத்திட்டம் உண்டு.

அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டமே இல்லாத கரை. வெள்ளை மணல், தாழம்புதர், நாலைந்து பனை. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கல்லும் சிப்பியும் கையை விட்டால் எட்டும்போலத் தெரிந்தன. எங்கள் பக்கத்து ஏரியில் தரை தெரிந்தால் கணுக்கால் ஆழம் என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு விட்டேன். ஜேம்ஸ் அந்தப் பக்கம் போய் விறகு பொறுக்கி, நாலு மீனும் பிடித்து வருவதாகச் சொல்லி, புதருக்குப் பின்னால் மறைந்தார். அந்தக் கரையில் நாங்கள் இருவர் மட்டும் ஆனோம்.

இவர் பையிலிருந்து சிநேகிதர் கொடுத்த கண்ணாடியை எடுத்தார். கண்ணையும் மூக்கையும் மூடுகிற ரப்பர் வளையம், அதில் பதித்த கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள வளைந்த ஒரு குழல். அதை மாட்டிக்கொண்டு, வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு அரை டிராயரோடு நின்றவரைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் குழலுக்குள்ளிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய், முகம் கீழே, முதுகு மேலே, கையும் காலும் விரிய, அசையாமல் படுத்தார்.

நான் அலறிய அலறலில் பனையிலிருந்த பறவைகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

எங்கள் ஊரில் நீந்துகிறவனுக்குத் தலை மேலே இருக்கும். கிணற்றில் குதிக்கிற பையனானாலும், விழுந்த வாளியை எடுக்க முங்குகிற ஆளானாலும், உயிரோடு இருப்பவன் தலையைத் தூக்கித்தான் வருவான். முதுகு காட்டி மிதக்கிறவன் ஒரே வகை. அப்படி ஒருவனை நான் பார்த்திருக்கிறேன்.

இவர் பதறி எழுந்து ஓடி வந்தார். குழல் வழியாக மூச்சு விடுவதை விளக்கினார். மூன்று தடவை விளக்கினார். எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் பயம் போய்விடுமா என்ன?

"வேணாங்க, போலாங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டு? அரை மணி நேரம், அவ்ளோதான். அதோ கறுப்பாத் தெரியுது பாரு, பவளப் பாறை. அதத் தாண்டிப் போகமாட்டேன்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் கரையில் நின்று எண்ணுவேன். ஒவ்வொரு நூறுக்கும் அவர் ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். "சரிங்க டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எண்ணுகிறேன் என்று என் வாயால் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பதினோரு வருஷமாக நான் எதையும் வாய்விட்டு எண்ணியதில்லை. அரிசி அளக்கும்போதுகூட மனசுக்குள்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று. முதல் நூறுக்குக் கை உயர்ந்தது. இரண்டாவது நூறுக்கும் சற்றுத் தாமதமாக உயர்ந்தது. அவர் பாறைக்கு மேலே போய்விட்டிருந்தார். முதுகும் குழலின் நுனியும் மட்டும் தெரிந்தன. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. மூன்றாவது நூறை எண்ணும்போது நான் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தேன் என்பதும், தமிழ் எப்போதோ நழுவி, ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஆனேக்கல் பக்கத்துப் பெண். எங்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அவள்தான். கிணற்று விளையாட்டிலும் கன்னடத்தில்தான் எண்ணுவோம். அண்ணன் முங்கி அடி மண்ணை அள்ளிக்கொண்டு வர வேண்டும். நான் படியில் உட்கார்ந்து எண்ண வேண்டும். தலை வெளியே வரும்வரை எண்ண வேண்டும் என்பது சட்டம். நாற்பது, நாற்பத்தைந்துதான் அவன் கணக்கு. அன்றைக்கு ஐம்பது தாண்டியது. அறுபது தாண்டியது. எனக்கு ஒரே சந்தோஷம், அண்ணன் ஜெயிக்கிறான் என்று. எழுபதில் அவன் மேலே வந்தான். தலை வரவில்லை, முதுகு வந்தது. என்னை ஏமாற்ற எப்போதும் ஏதாவது சேட்டை செய்வான். முதுகைக் காட்டினால் நான் நிறுத்திவிடுவேனா? நிறுத்தவில்லை. நூறு வந்தது. எனக்கு நூறு வரைக்கும்தான் தெரியும். மறுபடி ஒந்து என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதுவும் முடிந்தது. மூன்றாம் தடவை பாதியில், அவனைச் சுற்றித் தண்ணீர் சிவந்திருப்பதைப் பார்த்தேன். ஏறி வரும்போது கிணற்றுச் சுவர்ப் பாறையில் தலை இடித்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். நாலு வரப்பு தள்ளி அப்பாவும் இரண்டு ஆட்களும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுபதில் நான் கத்தியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். புளிய மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்ததாக எல்லோரிடமும் சொன்னேன். யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இவரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தொம்பத்தொம்பத்து. நூரு. கை உயரவில்லை.

பார்த்தேன். முதுகு அசையவில்லை. அலைக்கு ஏற்றபடி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். என் வாய் மறுபடி ஒந்து என்று ஆரம்பித்தது. எரடு. மூரு. ஐந்தாவதில் என்னை நானே கேட்டேன், என்னடி செய்துகொண்டிருக்கிறாய் என்று. எண்ணுவதை நிறுத்தினேன். ஓடினேன்.

முதல் பத்தடி தரை இருந்தது. கல்லும் சிப்பியும் அதே கிட்டத்தில்தான் தெரிந்தன. அடுத்த அடியை எடுத்து வைத்தபோது காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. கணுக்கால் ஆழம் என்று நான் நினைத்தது என்னை விழுங்கியது. உப்பு மூக்கிலும் தொண்டையிலும் ஏறியது. புடவை முகத்தில் ஒட்டிக்கொண்டது. செத்துப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அதைவிட, இவர் ஏற்கனவே செத்துவிட்டார், வந்து தூக்க ஆளில்லை என்ற நினைப்புதான் கொடுமை.

அப்போது யாரோ என் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள்.

கரையில் போட்டு, முதுகில் தட்டி, குடித்த தண்ணீரைக் கக்க வைத்தார். நெற்றியில் ரப்பர் வளையத்தின் தழும்போடு, அழுதுகொண்டிருந்தார். என்னை ஏன் அடிக்கவில்லை என்று நினைத்தேன். நான்தான் அவரை அடித்தேன், இரண்டு கையாலும், மார்பிலேயே.

"கையத் தூக்கலையே நீங்க. நூறு வந்துச்சே, தூக்கலையே!"

"தப்புதான் சாந்தா, தப்புதான். பச்சையா ஒரு மீனு, கிளி மூக்கு மாதிரி வாயி. பவளத்தக் கடிச்சிக் கடிச்சித் துப்புது. அதையே பாத்துட்டு மறந்துட்டேன்." மூச்சு வாங்கினார். "நல்ல வேள, நீ எண்றத நிறுத்தினே. அதாலதான் தலையத் தூக்கிப் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை. "என்ன நிறுத்தினேன்?"

"எண்றததான். ஒந்து எரடுன்னு கத்திட்டே இருந்தியே. சத்தம் வந்துட்டிருக்கற வரைக்கும் மேல எல்லாம் சரியாருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். திடீர்னு நின்னுபோச்சு."

"தண்ணிக்குள்ள கேக்குமா?"

"ஏன் கேக்காது?" வாத்தியார் திரும்பி வந்துவிட்டார். "காத்த விடத் தண்ணியில சத்தம் நாலு மடங்கு வேகமாப் போகும். மேலருந்து கத்தினா உள்ள மொத்தமா வராது, கொஞ்சம்தான் வரும். ஆனா கேக்கும். வேற ரூம்ல பேசறாப்பல கேக்கும்."

அவர் இன்னும் ஏதேதோ சொன்னார். மேஜையில் காதை வைத்துக்கொண்டு தட்டிப் பார்க்கிற சோதனையைச் சொன்னார். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் கொளுத்தியது, எனக்குப் பல் கிட்டியது. எழுபதிலிருந்து நூறு. பிறகு ஒரு நூறு. பிறகு பாதி. அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கும். மேலே எல்லாம் சரியாக இருக்கிறது, தங்கச்சி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று படுத்துக் கிடந்தானா? நிறுத்துடி, கூப்பிடுடி என்று நினைத்தானா? இல்லை, அப்போதே ஒன்றும் கேட்காமல் போய்விட்டதா? இதை யாரிடம் போய்க் கேட்பது? பதினோரு வருஷமாக அவன் ஒன்றும் அறியாமல் செத்தான் என்று நம்பித்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இவர் வேட்டியால் என் தலையைத் துவட்டிவிட்டு, "ஜேம்ஸக் கூப்புடறேன், கெளம்பிறலாம். இனிமே இந்தப் பக்கமே வேணாம்" என்றார்.

"அந்தக் கண்ணாடியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

அவர் முகத்தில் பயமும், பாடத்திட்டம் பலித்துவிட்டதோ என்கிற சின்னச் சந்தோஷமும் கலந்து வந்தன. பாவம். அவரே மாட்டிவிட்டார். என் முடி சிக்காமல் வாரை இழுத்தார். முழங்கால் ஆழத்தில் மண்டியிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்தார். அவருடைய இன்னொரு கையின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன்.

"எண்ணுங்க. சத்தமா."

"எது வரைக்கும்?"

"நான் தலையத் தூக்கற வரைக்கும்."

குழலைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். முதலில் என் மூச்சின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது, காதை அடைக்கிற மாதிரி. எழுந்து ஓடிவிடத் தோன்றியது. கீழே மணலில் என் நிழல் கிடந்தது, கை விரித்து. விரல் நீளத்தில் ஐந்தாறு மீன்கள் அந்த நிழலுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயின. அப்புறம்தான் அவர் குரல் வந்தது. மெல்லியதாக, தூரத்திலிருந்து, ஆனால் ஒவ்வொன்றும் தெளிவாக. பதினாலு. பதினஞ்சு. பதினாறு. கண்ணாடிக்குள் என் கண்ணீர் சேர்ந்து மணல் கலங்கித் தெரிந்தது. நாற்பத்தைந்து வந்தது. எழுபது வந்தது. அவர் மணிக்கட்டில் என் நகம் இறங்கியதை அவர் பொறுத்துக்கொண்டார். தொண்ணூறுக்கு மேல் நான் மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூத்தொம்பது. நூறு.

அங்கே அவர் கொஞ்சம் நிறுத்தினார். எச்சில் விழுங்கியிருப்பார். மீன்கள் திரும்பி வந்து என் நிழலின் ஓரத்தில் நின்றன.

"நூத்தி ஒண்ணு" என்று கேட்டது.