வைவா மட்டும் பாக்கி

"நலங்கு வச்ச பொண்ணு வாசப்படி தாண்டறதா? எந்த ஊருலங்க நடக்குது இது?" என்று சுரங்கக் குவார்ட்டர்ஸின் சின்னக் கூடம் முழுக்க எட்டும்படி கேட்டாள் புஷ்பவல்லி. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து நலங்கு வைக்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் அவள். அவளுக்குப் பெண்வீட்டில் யார் எதிர்த்துப் பதில் சொல்லிவிட முடியும்?

சத்யப்பிரியா முகத்து மஞ்சளோடு சுவரோரம் நின்றாள். மறுநாள் காலை கடலூர்க் கல்லூரியில் அவளுக்கு வைவா. அப்ளைடு மேத்தமேடிக்ஸ் எம்.எஸ்ஸி.யில் எல்லா செமஸ்டர் பேப்பரும் முடித்துவிட்டாள். டவுன்ஷிப்பில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் காத்திருப்பைச் சமன்பாடுகளாக்கி எழுதிய புராஜெக்ட்டையும் கொடுத்தாகிவிட்டது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் முன்னால் நின்று அதைப் பற்றிப் பேசினால்தான் பட்டம். போன வாரமே நடந்திருக்க வேண்டியது. அவருக்குத் தோதுப்படாமல் நாளைக்குத் தள்ளிப்போனது. அதற்குள் இங்கே நல்ல நாள் பார்த்து மஞ்சள் பூசிவிட்டார்கள்.

"பரீட்சைதான் எல்லாம் எழுதிட்டியேம்மா. இது சும்மா பேசறதுதானே?" என்றார் அப்பா கலியமூர்த்தி. சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் மகளைக் கரையேற்றிவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு.

"பேசலன்னா பட்டம் கிடையாதுப்பா. அப்புறம் அடுத்த வருஷ பேட்ச்சோடதான்."

"அடுத்த வருஷம் பேசிக்கட்டுமே, நாங்க வேணாம்னா சொல்றோம்?" புஷ்பவல்லி சிரித்தாள். "எம்.எஸ்ஸி.ன்னு பத்திரிகையில போட்டு வூடு வூடா குடுத்துகினு இருக்கோம். எங்க சனமே பெருமையா பேசிக்குது. அதுக்கு மேல என்ன பட்டம்?"

படித்த மருமகள் வேண்டும். அவள் படித்து முடிக்கத்தான் கூடாது. இது என்ன நியாயமோ. அடுத்த வருஷம் யாரும் அனுப்பப்போவதில்லை என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மா தனத்துக்கு நன்றாகவே தெரியும். பிளஸ் டூவைக் கல்யாணத்துக்கப்புறம் எழுதிக்கலாம் என்று சொல்லி அழைத்துவரப்பட்டவள்தான் அவளும். ஆனாலும் சம்பந்திக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அப்பாவே பைக்ல கூட்டிட்டுப் போகட்டும். மதியத்துக்குள்ள வந்துடுவேன்."

"வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பழி யாருக்கும்மா?"

கலியமூர்த்தி மகள் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார். "சாருகிட்ட காய்ச்சல்னு சொல்லிடு. ஸ்பீக்கர்ல போட்டே பேசு."

துறைத் தலைவர் வைத்திலிங்கம் எடுத்தார்.

"எனக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல சார். நலங்கு வச்சுட்டாங்க. நாளைக்கு வைவாவுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க. அந்தக் காரணத்தையே எழுதிக்குங்க."

கலியமூர்த்தி தலை குனிந்துகொண்டார். சார் கோபப்படுவார், அப்பாவிடம் போனைக் கொடு என்பார், நாலு வார்த்தை கேட்பார் என்று சத்யப்பிரியா நம்பினாள்.

"அட, கல்யாணமா? சொல்லவே இல்லையேம்மா. ரொம்ப சந்தோஷம்," என்றார் வைத்திலிங்கம். "அப்ப ஆப்சென்ட் போட்டுடறேன். தேதியச் சொல்லு, குடும்பத்தோட வந்துடறேன்."

"தங்கமான மனுசங்க," என்றாள் புஷ்பவல்லி.