லால்வீரின் எருமை

மாட்டுக்கொட்டகையில் பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்தாயிற்று. பிஸ்னாவுக்கு ரத்தம்தான் நிற்கவில்லை. ஊரின் சுகாதாரத் தொண்டர் தன்சரா மாத்திரை கொடுத்தாள், குழந்தையை மார்பில் போட்டாள், அடிவயிற்றை விடாமல் தேய்த்தாள். வைக்கோல் நனைந்துகொண்டே போனது. இனி மலைக்குக் கீழே ஆற்றங்கரை சுகாதார நிலையத்துக்குப் போனால்தான் உயிர் தங்கும்.

பிஸ்னாவின் மாமனார் லால்வீர் முற்றத்தில் எட்டியே உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, ஆளுங்களைக் கூப்பிடுங்க. தூக்கிட்டு இறங்கணும்," என்றாள் தன்சரா.

"தீட்டுக்காரியை எந்த ஆம்பளை தொடுவான்? சாமி கோவிச்சா எருமை மடி வத்திடும்."

"செத்துடுவா."

"எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? தீட்டுக் கழியட்டும், நானே தூக்கறேன்."

போன மாதம் இவருடைய எருமைக் கிடாரி பாறையில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டபோது, ஊரே மூங்கில் கட்டி அதைத் தோளில் சுமந்து இறங்கியது. ஒருவரும் சாமியைக் கேட்கவில்லை.

தன்சரா தாயையும் பிள்ளையையும் கோணியால் போர்த்திவிட்டு, வயல் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"லால்வீர் பெரியப்பாவோட கிடாரி சாகக் கிடக்கு, ஓடியாங்க."

மூங்கிலோடு ஓடி வந்தார்கள். கோணிக்கு வெளியே வெள்ளிக் கொலுசு போட்ட கால் ஒன்று தெரிந்தது. உள்ளே குழந்தை வீறிட்டது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கன்னும் போட்டிருக்கு போல," என்றான் ஹர்க்கா. பிறகு கிழவரிடம் திரும்பினான். "எருமைதானே, பெரியப்பா?"

லால்வீர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை மறுபடி அழுதது.

"எருமைதான். பாத்துக் கொண்டு போங்க."

தன்சரா கோணிக்குள் கைவிட்டு வயிற்றை அழுத்திக்கொண்டே கூட ஓடினாள்.

"என்னடா, எருமை இவ்வளவு லேசா இருக்கு?" என்றான் பின்னால் தூக்கியவன்.

"அந்த வீட்டுத் தீனி அப்படி," என்றான் ஹர்க்கா.

சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், ரத்தம் நின்றது. ஊர் திரும்பிய ஆண்கள் யாரும் தலைமுழுகவில்லை. எருமையைத் தூக்கியதற்கு யார் குளிப்பார்கள்?

சில நாளில் பிஸ்னா வெளுத்த முகத்தோடு, தன்சராவின் தோளைப் பிடித்து மேடேறி வந்தாள். லால்வீர் பேத்தியை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கை மட்டும் கொட்டகையைக் காட்டியது.

"இன்னும் தீட்டுக் கழியலையேம்மா."

உள்ளே கிடாரி அசைபோட்டுக்கொண்டிருந்தது. பிஸ்னா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எருமைக்கு ஏது தீட்டு, மாமா?"

பிள்ளையை இடுக்கிக்கொண்டு வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போனாள்.