அவையளும் நாங்களும்

தொலைபேசிக்குப் பூட்டுப் போட்ட மூன்றாம் நாள், இன்னாசித்தம்பி மகளைக் கூப்பிட்டு நான்கு தாள்களை மேசையில் போட்டார்.

"எவ்லின், இதை வாசிச்சு வை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலை நான் தமிழிலை வாசிக்க, நீ பக்கத்திலை நிண்டு டொச்சிலை சொல்லவேணும்."

டொச் என்றால் ஜெர்மன்; அதில் அப்பாவுக்குத் தெரிந்தது 'யா', அதாவது 'ஆம்', மட்டும்தான். எவ்லின் தலைப்பைப் பார்த்தாள். 'இஸ்லாமும் நவீன உலகமும்: ஓர் ஒப்பீடு.' ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த பதினொரு வருடத்தில் ஹோட்டல் சமையலறைச் சுவரைத் தவிர எதையும் பாராத மனிதர், மூன்று மதங்களையும் மதமில்லாதவர்களையும் நான்கே தாளில் நிறுத்தி எடை போட்டிருந்தார். பங்குச் சுவாமி, அந்தத் தேவாலயத்தின் ஜெர்மன் பாதிரியார், எல்லா மதத்தவரையும் அழைத்து ஒரு கூட்டம் வைக்கிறாராம். தமிழர் சார்பில் பேசக் கேட்டதும் அப்பா ஒரு சுற்றுப் பருத்துவிட்டார்.

"வாசிச்சனியே? எப்பிடி இருக்கு?"

"முஸ்லிம் ஆக்கள் பெண் பிள்ளையளைப் பூட்டி வைப்பினம் எண்டு எழுதியிருக்கிறியள்."

"உண்மைதானே. அவையளுக்கு மதம் கூடிப் போச்சு. இஞ்சத்தை வெள்ளையளுக்கு மதமே இல்லை, அதுதான் பெட்டையள் கண்டபடி திரியுதுகள். நாங்கள்தான் நடுவிலை, அளவா இருக்கிறம்."

அந்த அளவின் திறப்பு, தொலைபேசிப் பூட்டின் சாவி, அவர் சட்டைப்பையில், ஜெபமாலையோடு கிடந்தது. இருபத்து மூன்று வயதுப் பெண், முதியோர் இல்லத்தில் வேலை செய்து சம்பளம் வாங்குகிறவள், தான் விரும்பிய ஜெனிஸ்டனோடு பேசக்கூடாது என்பதற்காகத் தொலைபேசியின் எண் வட்டில் தொங்கியது அந்தக் குட்டிப் பூட்டு.

ஜெனிஸ்டன் முஸ்லிம் இல்லை, சைவ மதத்தவன்கூட இல்லை. அதே கோயிலில் அதே பாடகர் குழுவில் எவ்லினுக்குப் பின் வரிசையில் நின்று பாடுகிறவன். ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் அவன் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். "எங்கட ஆக்கள் இல்லை" என்று இரண்டு மாதத்துக்கு முன்பே அப்பா சொல்லி முடித்துவிட்டார். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவுமாம், இதை மட்டும் கழுவாதாம். வருகிற புதன்கிழமை கனடா மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லவேண்டும். அவர்கள் எங்கட ஆக்கள்.

"அப்பா சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வா, பிள்ளை," என்றாள் அம்மா பேர்பெச்சுவா, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். "எதிர்த்துக் கதைச்சு என்னத்தைக் காணப்போறாய்?"

"ஓம் அம்மா. அப்பா எழுதினதைத்தான் சொல்லுவன்."

அப்படிச் சொல்லத்தான் அவள் மேடை ஏறினாள். மண்டபத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள், தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. முன்வரிசையில், பள்ளிவாசல் சார்பில் வந்த துருக்கிக்காரரும் முக்காடிட்ட மனைவியும் ஏச்சு வாங்கத் தயாரானவர்கள்போல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எவ்லினுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"அவையள் பெண் பிள்ளையைப் பூட்டி வைப்பினம்."

'அவையள்' என்பதற்கு ஜெர்மன் மொழியில் 'ஸீ'. எவ்லினின் வாயில் வந்தது 'வீர்'. நாங்கள். "நாங்கள் பெண் பிள்ளையைப் பூட்டி வைக்கிறோம்."

மண்டபம் நிமிர்ந்தது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் குரலைத் தவிர வேறெதையும் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"அவளுக்குப் பிடிச்சவனைக் கட்ட விடமாட்டினம். மாப்பிள்ளை என்ன ஆக்கள் எண்டுதான் பாப்பினம்."

"எங்கள் மகளுக்குப் பிடித்தவனைக் கட்ட விடமாட்டோம். அவன் எந்தச் சாதி என்றுதான் பார்ப்போம்," என்றாள் எவ்லின். ஒரு வசனம் சொந்தமாகவும் சேர்த்தாள். "தொலைபேசிக்குக்கூடப் பூட்டுப் போடுவோம்."

நான்கு தாளும் அப்படியே போயின. கடைசியில் சுவாமி எழுந்து, உணர்ச்சிவசப்பட்டு ஏதோ கேட்டார். அப்பா மகளைப் பார்த்தார்.

"உங்கட மகள் தனக்குப் பிடிச்சவரைக் கலியாணம் கட்ட இனி விடுவியளோ எண்டு கேக்கிறார்."

இதை அவள் ஒரு சொல்லும் மாற்றவில்லை. இன்னாசித்தம்பி ஐம்பது முகங்களைப் பார்த்தார். நவீன உலகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யா, யா!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. புரட்டஸ்தாந்துக்காரனைக் காதலித்ததற்காகத் தன் தகப்பனிடம் அடி வாங்கிய கதையை ஒரு ஜெர்மன் கிழவி பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். துருக்கிக்காரர் மேடைக்கு வந்து இன்னாசித்தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"என்னவாம்?"

"'எங்களிலையும் அப்பிடித்தான்' எண்டுறார்."

"பாத்தியே! அவனே ஒத்துக்கொள்ளுறான்." அப்பாவின் முகம் மலர்ந்தது. "வலு திறமாச் சொல்லியிருக்கிறாய், பிள்ளை."

"நீங்கள் சொன்னதுதான் அப்பா. 'அவையள்' எண்ட இடத்திலை மட்டும் 'நாங்கள்' எண்டு சொன்னனான்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. சுவாமி இன்னும் பக்கத்தில்தான் நின்றார், அப்பாவின் தோளில் கை போட்டபடி.

"டெலிபோன் திறப்பைத் தாங்கோ அப்பா. நீங்கள் 'யா' எண்டதை ஜெனிஸ்டனுக்குச் சொல்லவேணும்."

"விசரி! வீட்டை வா, கதைக்கிறன்," என்று பல்லைக் கடித்தார், சிரிப்பை மாற்றாமல்.

மகள் என்ன கேட்கிறாள் என்று சுவாமி விசாரித்தார். பூட்டின் திறப்பு என்று எவ்லின் ஜெர்மன் மொழியில் சொன்னாள். இதையும் அவள் மாற்றவில்லை. சுவாமி, துருக்கிக்காரர், அவர் மனைவி, கிழவி என்று எல்லோரும் அந்தச் சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

இன்னாசித்தம்பி பையைத் துழாவினார். முதலில் ஜெபமாலைதான் வந்தது. எவ்லின் திறப்புக்காக நீட்டிய கையை மடக்கவில்லை.