பதினாலாம் கட்டில்

அந்தப் பல்கலைக்கழகம் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் பிறந்த பிள்ளை. வேதியியல், கணக்கு, சட்டம், சங்கீதம் என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டு, கடைசியில் பெற்றவளையே தெருமுனைப் புதுக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டன. பழைய பிரசவ வார்டு இப்போது புள்ளியியல் துறையின் கூட்ட அறை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் பழைய கட்டில் எண்கள் மங்கலாக எட்டிப் பார்க்கும்.

அன்று மகளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தாள். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய், பதினாலு என்ற எண்ணுக்குக் கீழே உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் படுத்திருந்த இடம். மகளுக்கு அது தெரியாது. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் அவளே வரவழைத்துக்கொள்வாள்.

மதிய வெயில் திரைச்சீலையில் பட்டு அறை முழுக்கப் பால்நிறமாக இருந்தது. அம்மாவின் கண்ணுக்கு நாற்காலிகள் மெல்ல நீண்டு கட்டில்களாயின. டெட்டால் வாசனை வந்தது. நர்ஸ் ஒருத்தி சத்தமில்லாமல் கடந்து போனாள். எதிர்ச்சுவரில் மகளின் புரொஜெக்டர் வீசிய வெளிச்சப் புள்ளிகள் மிதந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் இந்த வார்டுல பொறந்த ஒரு குழந்தை," என்றாள் மகள். பழைய பிரசவப் பதிவேடுகள்தான் அவளுடைய ஐந்து வருஷ ஆராய்ச்சி.

தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பதினோரு குழந்தைங்கள விட்டிருக்கீங்களே, ஏன்?"

"ஒரு நாள்கூட தங்காத குழந்தைங்க சார். பேர்க் கட்டம் காலி. அரைகுறைப் பதிவை எடுக்கிறதில்லன்னு விதி வச்சுக்கிட்டேன்."

அவர் தலையாட்டிப் பேனாவை மூடப்போனார். அதோடு விட்டால் பட்டம் கையில். வாயைத் திறந்தால் மகளின் ஐந்து வருஷத்தில் மண் விழும். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். பெற்ற வயிறு கேட்டால்தானே?

"பேர் இருந்துச்சு," என்றாள். "கேக்கத்தான் ஆளில்ல."

மகள் திரும்பினாள். "அம்மா?"

"உனக்கு மூத்தவன். இதே எடம். ஆறு மணி நேரம் இருந்தான். வயித்துல ஒரே துள்ளு. துள்ளன்னுதான் நானும் உங்கப்பாவும் கூப்பிட்டோம்."

மகள் தான் விட்ட குழந்தைகளின் பட்டியலைத் திறந்தாள். கட்டில் பதினாலு, ஆண், ஆறு மணி நேரம். "நானேதாம்மா அழிச்சேன்," என்று சொன்னவளுக்கு அழுகை வெடித்தது.

"சேர்த்தா எல்லாக் கணக்கையும் மறுபடி போடணும்," என்றார் தேர்வாளர், தணிந்த குரலில். "ஆறு மாசமாவது ஆகும்மா."

"ஆகட்டும் சார்," என்றாள் மகள்.

காலியாக இருந்த பேர்க் கட்டத்தில் துள்ளன் என்று தட்டினாள். விதியை நீக்கினாள். பதினோரு புள்ளிகள் சுவரின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன.

"எது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா முன்னால் வந்தாள். மகள் காட்டிய இடத்தில் கையை நீட்டினாள். புள்ளி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அன்றைக்கு அவனை அவள் கையில் யாரும் கொடுக்கவே இல்லை.

"கொஞ்ச நேரம் அணைச்சுடாத," என்றாள்.