மணலில் வைத்த கோப்பை

என் தம்பி தாஹிம் சும்மா வருகிற ஆள் இல்லை. வியாழக்கிழமை மாலை அவன் என் வாசலில் வந்து நின்று, உள்ளே கூட வராமல், பல்லைக் காட்டினான். அப்போதே எனக்கு உறைத்துவிட்டது.

"அண்ணே, ரெண்டு நாள் லீவுதானே. மழை பேஞ்சு நஃபூத் மணலு நல்லா இறுகிக் கெடக்காம். வண்டியெடுத்துட்டு ஒரு சுத்து சுத்திட்டு வருவோமா?"

"யாரு யாரு?"

"நீயும் நானும்."

"வேற யாருமே இல்லியா?"

"ஏன், பேய் புடிச்சுக்குமா?"

எங்கள் ஊர் ஹாயிலில் பாலைவனத்துக்குக் கூட்டம் சேர்க்காமல் போகிறவன் எவனாவது உண்டா? மச்சான், மாமன், பக்கத்து வீட்டுக்காரன் என்று நாலு வண்டி சேர்ந்தால்தான் கிளம்புவோம். இவன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிடுகிறான் என்றால் என்னிடம் ஏதோ வேண்டியிருக்கிறது. என்ன என்றும் எனக்குத் தெரியும். என் மகள் அனூத்.

எங்களில் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவின் சகோதரன் மகன்தான் முதல் மாப்பிள்ளை. அவன் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த பிறகுதான் வெளியாள் வாசலை மிதிக்க முடியும். தாஹிமின் ஒரே பையன் ராகான். நல்ல பையன், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். அனூத்துக்கும் அவன்மேல் இஷ்டம். எனக்குக் கொடுக்கக் கூடாது என்று இல்லை. பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான். ஏனென்றால் தாஹிம் ஏற்கெனவே ஒருமுறை என்னிடம் பிடுங்கியிருக்கிறான்.

இருபது வருடத்துக்கு முந்திய கதை. என் வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் கூடத்தில், முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் காபி ஊற்றிக்கொண்டு வருகிறேன். தாஹிம் கோப்பையை வாங்கினான். குடிக்கவில்லை. முன்னால் தரையில் வைத்தான். விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரன் 'சரி' என்று சொல்லும்வரை அவன் தொட மாட்டான். சொல்லாமல் காபியை ஆறவிட்டால் வீட்டுக்காரன் மானம் போச்சு. "என்னடா வேணும்?" என்றேன். "உன் புள்ளிப் பருந்து" என்றான். என் வேட்டைப் பருந்து! குஞ்சிலிருந்து என் கையில் வளர்ந்தது. முப்பது ஜோடிக் கண்கள் என்னையே பார்க்கின்றன. "குடி, உனக்குத்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? ஒரே மாதத்தில் அவன் அதைப் பறக்கவிட்டுத் தொலைத்துவிட்டான். அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

அதனால் இந்த முறை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். பயந்தவன் என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் அனூத் பிளாஸ்க்கையும் பேரீச்சம்பழ டப்பாவையும் வண்டியில் வைத்தாள். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். பேச்சை அளந்துதான் பேசுவாள்.

"அப்பா, சித்தப்பாவுக்கு ஊத்தறப்போ கோப்பையில ரொம்பக் கொஞ்சமா ஊத்துங்க."

"எனக்குக் காபி ஊத்தக் கத்துக்குடுக்கிறியா நீ?"

"சொன்னேன், அவ்ளோதான். அப்புறம் அவரு ராகானப் பத்திப் பேச்செடுத்தா கத்தாதீங்க. எனக்குச் சம்மதம்னு உங்களுக்குத் தெரியும்."

பார்த்தீர்களா? என் வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்து வைத்திருக்கிறான். அவன் வண்டியிலிருந்து இறங்கியதும் அவள் போய் ஏதோ மெல்லக் கேட்டாள். அவன் தலையாட்டினான். நான் கிட்டே போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த அதிசயம், அவன் தன் லேண்ட் குரூசர் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீ ஓட்டுண்ணே."

மணலில் தாஹிமைப் போல ஓட்டுகிறவன் எங்கள் கிளையிலேயே இல்லை. தன் வண்டி ஸ்டியரிங்கைப் பெற்ற மகனுக்கே கொடுக்காதவன். "ஏன், உனக்கென்ன?" என்றேன். "வயசாச்சு. வெளிய வேடிக்கை பாத்துட்டு வரேன்" என்றான். வேடிக்கையாம்! பிறந்ததிலிருந்து பார்க்கிற மணலில் என்ன வேடிக்கை? எனக்கு ஐஸ் வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டுத்தோல் அங்கியைப் போர்த்திக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். வலது கை அங்கிக்குள்ளேயே இருந்தது. வழி முழுக்க வெளியே வரவில்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறான்? எழுதிக் கொண்டுவந்த காகிதமா? என் கண் சாலையில் பாதி, அந்த அங்கியில் பாதி.

ஜுப்பா என்கிற ஊருக்கு முன்னால் ஓரமாக நிறுத்திக் காபி குடித்தோம். இளையவன்தான் ஊற்ற வேண்டும். இவன் பிளாஸ்க்கை என் பக்கம் தள்ளினான்.

"நீயே ஊத்துண்ணே."

அடேயப்பா, எனக்குப் புரிந்துபோயிற்று. ஊற்றுகிறவன் வீட்டுக்காரன், வாங்குகிறவன் விருந்தாளி. கோப்பையைக் கீழே வைக்கிற உரிமை விருந்தாளிக்கு மட்டும்தான். நடுரோட்டிலேயே ஆரம்பித்துவிட்டான்! நான் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான்.

கோப்பையை ஆட்டினால் போதும் என்று பொருள். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம். தாஹிம் ஏழு கோப்பை குடிக்கிற ஜாதி. அவன் வந்தால் இன்னொரு பாத்திரம் காபி போடச் சொல்லி என் பெண்டாட்டி மூதி சிரிப்பாள். இப்போது கொஞ்ச காலமாகத்தான் இந்தக் கூத்து. ஒன்று குடிப்பான், ஆட்டுவான், முடிந்தது. போன பெருநாளில்கூட என் வீட்டில் ஒன்றோடு நிறுத்திவிட்டான். 'நம்ம காபி கசந்துடுச்சு போல உங்க தம்பிக்கு' என்று மூதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதுமாடா?"

"ம்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி எதையோ வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"என்னடா அது?"

"மிட்டாய்."

ஐம்பத்தைந்து வயதில் மிட்டாய்! நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் கவனிக்கிறேன் என்று தெரிந்துவிடும்.

ஜுப்பாவில் ஜும்ஆ தொழுதுவிட்டு மணலுக்குள் இறங்கினோம். சக்கரம் மணலில் புதையாமலிருக்க டயர் காற்றைப் பாதிக்கு இறக்க வேண்டும். தாஹிம் குனிந்து முதல் டயரில் மூடியைத் திருக ஆரம்பித்தான். மூடி மணலில் விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது.

"நீ எறக்குண்ணே, எனக்கு முதுகு புடிச்சிருக்கு."

"நோகாம நுங்கு திங்கறதுன்னா உனக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு நாலையும் நானே இறக்கினேன். அவன் சிரித்தான். எப்போதும் பதிலுக்கு ஒன்று கொடுப்பவன், இன்றைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஒரு மணி நேரம் ஓட்டினோம். சிவப்பு மணல் மழையில் நன்றாகவே இறுகியிருந்தது, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "வலப்பக்கம் வளைச்சு ஏறு, முகட்டுல பிரேக் போடாத" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு சரிவு தாண்டினதும் கீழே இரண்டு பிக்கப் வண்டிகள், ஒரு கூடாரம், ஏழெட்டு ஆட்கள், புகை. ஒருவன் எழுந்து கையை வீசினான்.

"வாங்க! காபி தயார்! எறங்குங்க!"

சாட்சிகள்! முப்பது பேருக்குப் பதிலாக எட்டுப் பேரைக் கொண்டுவந்து மணலில் உட்கார வைத்திருக்கிறான், பாவி. ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி அவர்கள் அடுப்புக்குப் பத்தடி தள்ளிப் பறந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள்.

"அண்ணே! என்ன இது? காபிக்குக் கூப்புடறவங்கள இப்படியா தாண்டிப் போவாங்க? நம்ம மானம் என்ன ஆவுறது?"

"உனக்குத் தெரிஞ்சவனுங்களா?"

"யாருன்னே தெரியாது. பேரு ஊரு கேக்காமதானே கூப்புடுறாங்க!"

"எனக்கு வேணாம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. பாலைவனத்தில் கூப்பிட்ட காபியைத் தாண்டிப் போனேன் என்று ஹாயிலில் தெரிந்தால் யாரும் என் வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். ஆனாலும் விடவில்லை. இன்னும் இரண்டு மேடு தாண்டி, ஆள் அரவமே இல்லாத ஒரு பள்ளத்தில் நிறுத்தினேன். சாட்சி இல்லாத இடத்தில் கோப்பையை வைத்துப் பார்க்கட்டும்.

அஸர் தொழுகை முடித்து, கொண்டுவந்த விறகைப் பற்றவைத்து, புதிதாகக் காபி போட்டேன். ஏலக்காய் வாசனை வந்தது. பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பாத்திரத்தை இடது கையில் பிடித்து ஊற்றி, வலது கையால் நீட்டினேன். அனூத் சொன்னது ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன்.

அவன் வலது கை அங்கியிலிருந்து வந்தது. கோப்பையை வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். பிறகு, என் கண்ணுக்கு நேரே, மெல்ல அதை மணலில் வைத்தான்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"எடு! எடுத்துக் கையில வை! தர மாட்டேன்! அன்னிக்குப் பருந்தப் புடுங்குன, இன்னிக்கு என் மகளப் புடுங்க வந்திருக்க. தலைகீழா நின்னாலும் தர மாட்டேன். அந்தக் காபி ஆறட்டும், கல்லாப் போகட்டும்!"

தாஹிம் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான். பிறகு கோப்பையைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் கேக்கலண்ணே."

"அப்ப ஏன்டா வச்ச?"

"கொட்டுது."

வலது கையை என் முன்னால் நீட்டினான். ஒன்றும் செய்யாமல், சும்மா நீட்டினான். அது தானாக ஆடியது. விரல்கள் எதையோ எண்ணுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தன. அங்கியின் முன்பக்கம் பூராவும் காபிக் கறை. காலையிலிருந்து என் கண்ணில் படவே இல்லை.

"ஒரு வருஷமாச்சு. நரம்புல வியாதியாம். குணமாகாதாம், கொஞ்சம் தள்ளிப்போட மாத்திரை குடுக்கிறாங்க. அனூத்துக்குத் தெரியும், அவதான் மருந்து எடுத்துக் குடுக்கிறா. யாருகிட்டயும் சொல்லாதம்மான்னு சத்தியம் வாங்கிட்டேன்."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"இடது கையால குடிக்கலாம்தான். நாலு பேரு முன்னால இடது கையில காபி வாங்க முடியுமா? அதான், ஒரே மடக்கில குடிச்சிட்டுக் கோப்பையத் திருப்பிக் குடுத்துடுவேன். கை ஆடுது. போதும்னு ஆட்டறேன்னு நெனச்சுக்கிறாங்க. இன்னும் ஊத்துன்னு வாயத் தொறந்து கேக்கவா முடியும்?" அவன் சிரிக்கப் பார்த்தான். "ஒரு வருஷமா எந்த வீட்டுலயும் எனக்கு ரெண்டாவது கோப்பை கெடச்சதில்லண்ணே. உன் வீட்டுலயும்."

அந்த ஒரு வார்த்தையில் நான் செத்தேன். பெருநாளன்று அவன் நீட்டிய கோப்பையைப் பிடுங்கி அடுத்தவனுக்கு ஊற்றியது இந்தக் கைதான்.

"நான் கேக்க வரல. குடுக்க வந்தேன்" என்றான் தாஹிம். "ராகானோட உரிமைய விட்டுத் தரேன். என் வீட்டுல பொம்பள இல்ல. அவன் அம்மா போய்ட்டா. நாளைக்கு நான் படுத்துட்டேன்னா, வர்ற மருமகதான் எனக்கு ஊட்டி விடணும், வாயத் தொடச்சு விடணும். அது அனூத்துக்கு வேணாம். நல்ல எடமாப் பாத்துக் குடு. பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். இத ஊர்ல நாலு பேரு நடுவுல சொல்ல எனக்குத் தைரியமில்ல, அதான் உன்ன இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தேன்."

"அவளுக்கு இதெல்லாம் தெரிஞ்சுதான் சம்மதம்னு சொல்லியிருக்கா" என்றேன்.

"சின்னப் பொண்ணு. அவளுக்கென்ன தெரியும்?"

அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். கொஞ்சமாக ஊற்றுங்கள் என்று என் மகள் சொன்னாள், நான் சதி என்று நினைத்தேன். இத்தனை கேவலமாக இருக்க ஒரு மனிதனால் முடியுமா? நான் இருந்தேன்.

காபிப் பாத்திரத்தை எடுத்து அவன் மடிப்பக்கம் வைத்தேன்.

"நீ ஊத்து."

"கொட்டுமேண்ணே."

"கொட்டட்டும். ஊத்து."

அவன் ஊற்றினான். பாதி பாயில் போயிற்று, பாதி என் கோப்பைக்குள் விழுந்தது. ஆடுகிற கையால் என்னிடம் நீட்டினான். இப்போது அவன் வீட்டுக்காரன், நான் விருந்தாளி. கோப்பையை வாங்கினேன். குடிக்காமல் அவன் முன்னால் மணலில் வைத்தேன்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியது.

"வேணாம்ண்ணே. எடுத்துக் குடி."

"கேளு."

"அண்ணே..."

"வீட்டுக்காரன் கேக்கணும். கேளுடா!"

தலையைக் குனிந்துகொண்டு, "என்ன வேணும்?" என்றான்.

"உன் பையன். என் மகளுக்கு."

எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவன் இப்படிக் கேட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, எட்டுப் பேரும் இரண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அடுப்பில் விறகு வெடித்தது. தாஹிம் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"குடி" என்றான். "உனக்குத்தான்."

குடித்தேன். ஆறிப்போன காபி, அதில் மணல் வேறு நறநறத்தது. பிறகு நான் மணலிலிருந்த அவன் கோப்பையை எடுத்து, ஆறியதைக் கொட்டிவிட்டு, அடியில் கொஞ்சமாக ஊற்றி, அவன் கைக்குக் கீழே என் கையை வைத்துத் தாங்கிக்கொண்டேன். அவன் குடித்துவிட்டு நீட்டினான். கோப்பை ஆடியது. நான் ஊற்றினேன். மறுபடி ஆடியது. மறுபடி ஊற்றினேன்.

ஏழாவது கோப்பைக்கு அப்புறம்தான், "போதும்ண்ணே" என்று வாயால் சொன்னான்.